ரஸ்ட்டில் ஹீப் ஒதுக்கீட்டைக் குறைப்பது எப்படி: பாக்ஸ் முதல் ஆர்க் வரை முழுமையான வழிகாட்டி

ரஸ்ட் நிரல்மொழி கற்கும் எல்லோருக்கும் ஒரு கட்டம் வரும். கம்பைலரோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், கண்ட இடத்திலெல்லாம் பாக்ஸ் (மதிப்பை ஹீப்பில் வைப்பது), ஆர்சி (அதைப் பலருக்குப் பங்கிடுவது), குளோன் (நகலெடுப்பது) என்று போட்டுத் தப்பித்துக்கொள்வோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நிரல் ஓடும், விடையும் சரியாக வரும். "இவ்வளவு மெதுவாக ஓடுகிறதே" என்று யாராவது கேட்கும்போதுதான் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் விழிப்போம். இங்கே கை வைக்கப்போவது ஹீப் ஒதுக்கீட்டில், அதாவது நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகத்தில்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு சிறு நிரலை எடுத்துக்கொள்வோம். பெரிய உரைக்கோப்பு ஒன்றைப் படித்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணவேண்டும். கோப்பில் 1 லட்சம் வரிகள், 10 லட்சம் சொற்கள், அவற்றில் வெவ்வேறானவை 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி 64 பிட். ரஸ்ட் 1.82 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் இங்கே சொல்லும் எல்லாம் வேலை செய்யும்.

படி 1: முதலில் எண்ணுங்கள்

ஹீப் ஒதுக்கீடு எத்தனை முறை நடக்கிறது என்று தெரியாமல் அதைக் குறைக்க இறங்குவது வீண்வேலை. தெரிந்துகொள்வதும் கடினமல்ல. ரஸ்ட் 1.28 முதல் நிரலின் அலோகேட்டரை (நினைவகத்தை வாங்கித் தரும் பகுதியை) நாமே மாற்றிக்கொள்ளலாம். ஒரு வெற்று ஸ்ட்ரக்ட் எழுதி, அதற்கு குளோபல்அலாக் என்ற ட்ரெயிட்டை (ஒரு வகை என்னென்ன செய்யவேண்டும் என்ற ஒப்பந்தம்) அமல்படுத்தி, உள்ளே வரும் ஒவ்வோர் அழைப்பையும் இயங்குதளத்தின் அலோகேட்டரான 'சிஸ்டம்' பக்கம் திருப்பிவிடுங்கள். போகிற போக்கில் ஓர் அட்டாமிக் எண்ணியில் (இணையாக ஓடும் பல த்ரெட்டுகள் கூட்டினாலும் பிசகாத எண்ணி) ஒன்றைக் கூட்டுங்கள். பிறகு அந்த வகையில் ஒரு ஸ்டாட்டிக் மாறியை வைத்து, அதன் தலையில் 'குளோபல்_அலோகேட்டர்' என்ற பண்புக்குறியைப் போட்டால் முடிந்தது. மொத்தம் முப்பது வரிகூட வராது.

இதில் நான் மாட்டிக்கொண்ட ஓரிடம் உண்டு. அந்த ட்ரெயிட்டில் எழுதியே ஆகவேண்டியவை 'அலாக்', 'டீஅலாக்' இரண்டு மட்டும்தான். 'ரீஅலாக்', 'அலாக்_ஜீரோட்' இரண்டுக்கும் இயல்பான வடிவம் ட்ரெயிட்டிலேயே இருப்பதால் நான் அவற்றைத் தொடவில்லை. இயல்பான ரீஅலாக் என்ன செய்கிறது என்றால், புதிதாக ஓர் இடம் வாங்கி, பழையதை நகலெடுத்து, பழையதை விடுவிக்கிறது. இருந்த இடத்திலேயே நீட்டிக்கொள்ளும் வாய்ப்பு போயிற்று. அளக்கப்போன கருவியே நிரலின் நடத்தையை மாற்றிவிட்டது. அரை நாள் தவறான எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கையும் எழுதி, நான்கையும் சிஸ்டம் பக்கம் திருப்புங்கள். இன்னொன்று: அந்த ஃபங்ஷன்களுக்குள் பிரிண்ட் போட்டுப் பார்க்காதீர்கள். பிரிண்ட் செய்வதற்கே ஒதுக்கீடு தேவைப்படலாம், அது மறுபடி உங்களிடமே வரும்.

எண்ணிக்கையோடு எந்த வரியில் நடக்கிறது என்பதும் தெரியவேண்டுமானால் டிஹாட் என்ற கிரேட்டையோ (கிரேட் என்றால் ரஸ்ட் நூலகம்), லினக்ஸில் ஹீப்டிராக் கருவியையோ பயன்படுத்துங்கள்.

படி 2: அளவுகளை மனப்பாடம் செய்யுங்கள்

'சைஸ்_ஆஃப்' ஃபங்ஷனைக் கூப்பிட்டு நீங்களே சரிபார்க்கலாம். பாக்ஸ் 8 பைட். வெக் (வளரும் வரிசை), ஸ்ட்ரிங் (வளரும் உரை) இரண்டும் 24: முகவரி, நீளம், கொள்ளளவு. ஸ்லைஸையோ (அடுத்தடுத்த உறுப்புகளின் துண்டு) டைன் ட்ரெயிட்டையோ (எந்த வகை என்று ஓடும்போதுதான் தெரியும் பொருள்) சுட்டும் பாக்ஸ் 16, ஏனென்றால் முகவரியோடு நீளமோ விடேபிள் (ஃபங்ஷன் பட்டியல்) முகவரியோ கூடவே வரும். ஆப்ஷனுக்குள் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற வகை) பாக்ஸ் வைத்தாலும் அதே 8 பைட்தான். பாக்ஸ் ஒருபோதும் சுழியாக இருக்காது என்பது கம்பைலருக்குத் தெரியும், ஆகவே சுழியை 'நன்' (மதிப்பு இல்லை) என்று படித்துக்கொள்கிறது. யு64-ஐ ஆப்ஷனுக்குள் வைத்தால் இந்தச் சலுகை இல்லை. 8 பைட் 16 ஆகிவிடும்.

இவை பாயிண்டரின் அளவுகள். மறுமுனையில் ஹீப்பில் எவ்வளவு போகிறது என்பது வேறு கணக்கு. லினக்ஸில் பரவலாக இருக்கும் சி நூலகமான ஜிலிப்சியின் அலோகேட்டர் மாலாக் 32 பைட்டுக்குக் குறைந்து எதையும் தருவதில்லை. ஒரே ஒரு பைட்டை பாக்ஸில் போட்டாலும் 32 பைட் போய்விடும். வெற்று வெக், வெற்று ஸ்ட்ரிங், அளவே இல்லாத வகையைச் சுட்டும் பாக்ஸ் ஆகியவை மட்டும் ஹீப் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை.

படி 3: ஒதுக்கீடே நடக்காமல் பாருங்கள்

ஸ்மார்ட் பாயிண்டரை (பாக்ஸ், ஆர்சி போன்றவை) மாற்றிக் கிடைக்கும் லாபத்தைவிட, ஒதுக்கீட்டையே தவிர்த்துக் கிடைக்கும் லாபம் பல மடங்கு பெரியது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நம் சொல் எண்ணும் நிரலை எல்லோரும் முதலில் எழுதும் விதம் இதுதான்: கோப்பை 'லைன்ஸ்' கொண்டு வரிவரியாகப் படிப்பது, ஒவ்வொரு வரியையும் வெற்றிடத்தில் பிரிப்பது, ஒவ்வொரு சொல்லையும் 'டு_ஸ்ட்ரிங்' செய்து ஹேஷ்மேப்பின் (சாவிக்கு மதிப்பு வைக்கும் அட்டவணை) 'என்ட்ரி'யில் கொடுப்பது, வரும் எண்ணில் ஒன்றைக் கூட்டுவது. படிக்க அழகாக இருக்கும். எண்ணியை ஓட்டிப் பார்த்தால் 11 லட்சத்துக்கு மேல் காட்டும்.

அதில் 1 லட்சம் 'லைன்ஸ்' கணக்கு. அது வரிக்கு ஒரு புது ஸ்ட்ரிங் தருகிறது. அதற்குப் பதிலாக லூப்புக்கு வெளியே ஒரே ஒரு ஸ்ட்ரிங்கை வைத்துக்கொண்டு, உள்ளே 'ரீட்_லைன்' கொண்டு அதையே நிரப்புங்கள். நீளமான சில வரிகளைப் பார்த்ததும் அதன் கொள்ளளவு நிலைத்துவிடும். பிறகு ஒதுக்கீடே இருக்காது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் 'கிளியர்' செய்ய மறந்துவிடாதீர்கள். ரீட்_லைன் பழையதை அழிப்பதில்லை, அதன் வாலில் ஒட்டுகிறது. மறந்தால் முதல் வரியின் சொற்கள் ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி மறுபடி எண்ணப்படும்.

மீதி 10 லட்சம் 'டு_ஸ்ட்ரிங்' கணக்கு. வெற்றிடத்தில் பிரித்து வரும் துண்டுகள் வரியிலிருந்து வாங்கிய கடன்தான் (சொந்தமாக்காமல் சுட்டுவது), அவற்றுக்குச் செலவில்லை. 'என்ட்ரி' சொந்தமான சாவியைக் கேட்கிறது என்பதற்காக, ஏற்கெனவே மேப்பில் இருக்கும் சொல்லுக்கும் ஒரு நகல் எடுத்து, இருக்கிறது என்று தெரிந்ததும் அதைத் தூக்கி எறிகிறோம். முதலில் 'கெட்_மியூட்'டில் கடன் வாங்கிய துண்டையே கொடுத்துக் கேளுங்கள். இருந்தால் கூட்டுங்கள், இல்லாவிட்டால் மட்டும் ஸ்ட்ரிங்காக்கி 'இன்செர்ட்' செய்யுங்கள். புதுச் சொற்களுக்கு இரண்டு முறை தேடவேண்டும், உண்மைதான். ஆனால் அது 40,000 முறை மட்டும். 10 லட்சம் ஒதுக்கீடு 40,000 ஆனது. மாற்றியது நான்கு வரி.

கொள்ளளவையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலியான வெக்கில் 1000 சிறு உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளினால் அது 4, 8, 16 என்று இரட்டித்து 1024 வரை போக 9 முறை அலோகேட்டரிடம் கையேந்துகிறது. 'வித்_கெப்பாசிட்டி' சொன்னால் ஒருமுறை.

அந்த 40,000-ஐயும் குறைக்கலாம். காம்பாக்ட்_ஸ்டர் போன்ற கிரேட்டுகள் 24 பைட் வரையிலான உரையை ஹீப்புக்கு அனுப்பாமல், பாயிண்டர் இருக்கவேண்டிய இடத்திலேயே வைத்துக்கொள்கின்றன. ஆங்கில உரைக்கு இது பெரிய வரம். தமிழில் கொஞ்சம் நெருக்கடி. யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளியும் துணைக்கால்களும் தனித்தனிக் கணக்கு. 'நினைவகம்' என்ற சொல்லில் 8 குறியீடுகள், சரியாக 24 பைட், இம்மியளவில் தப்பிக்கிறது. 'நினைவகத்தில்' என்று வேற்றுமை ஏறினால் 36 பைட், நேரே ஹீப்புக்கு. தமிழ் உரையை ஆராயும் நிரல் எழுதுகிறவர்கள் இந்தக் கிரேட்டுகளின் விளம்பர எண்களை அப்படியே நம்பாமல் தங்கள் தரவில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

படி 4: பாக்ஸ் எங்கே தேவை, எங்கே வேண்டாம்

பாக்ஸ் ஒரே ஆளுக்குச் சொந்தமான ஹீப் இடம். தன்னையே உள்ளடக்கும் வகைகளுக்கும், டைன் ட்ரெயிட்டுக்கும் அது இல்லாமல் முடியாது. பலரும் தவறவிடும் மூன்றாவது இடம் எனம், அதாவது பல கிளைகளில் ஏதேனும் ஒன்றாக இருக்கும் வகை. எனத்தின் அளவை அதன் மிகப் பெரிய கிளைதான் தீர்மானிக்கிறது. எல்லாக் கிளைகளும் 16 பைட், எப்போதாவது வரும் பிழைக்கிளை மட்டும் 400 பைட் என்றால், 10,000 உறுப்புள்ள வெக் 40 லட்சம் பைட்டைத் தாண்டும். அந்த ஒரு கிளையை மட்டும் பாக்ஸில் போடுங்கள், உறுப்பு 24 பைட்டுக்குள் அடங்கிவிடும். கிளைகளுக்கிடையே வேறுபாடு 200 பைட்டுக்கு மேல் போனால் ரஸ்ட்டின் நிரல் சோதிக்கும் கருவியான கிளிப்பியே எச்சரிக்கும்.

வேண்டாத இடங்கள்: பாக்ஸுக்குள் வெக். வெக்கின் உள்ளடக்கம் ஏற்கெனவே ஹீப்பில்தான் இருக்கிறது. வெக்குக்குள் சிறு ஸ்ட்ரக்ட்டுகளின் பாக்ஸ். வரிசையாக அடுத்தடுத்து இருக்கவேண்டியவற்றை ஹீப் முழுக்கச் சிதறடிக்கிறீர்கள். ஃபங்ஷனின் அளபுருவாக பாக்ஸுக்கு ஒரு கடன். உள்ளே இருப்பதையே கடனாக வாங்கினால் போதும்.

வளரப்போவதில்லை என்று தெரிந்த ஸ்ட்ரிங்கை பாக்ஸ்-ஸ்டர் (நீளம் மாறாத உரையைச் சுட்டும் பாக்ஸ்) ஆக்கிவிடலாம். கொள்ளளவு என்ற 8 பைட் மிச்சம். நம் மேப்பில் சாவியும் எண்ணுமாக ஓர் இணை 32 பைட்டிலிருந்து 24-க்கு இறங்கும், கடன் துண்டைக் கொண்டு தேடும் வசதியும் போகாது.

படி 5: பெரிய பொருளும் சின்ன ஸ்டாக்கும்

3 எம்பி அளவுள்ள அட்டவணை ஒன்றை 'பாக்ஸ்::நியூ'வுக்குள் நேரடியாக எழுதியிருந்தேன். நிரல் நன்றாக ஓடியது. 'கார்கோ டெஸ்ட்' (டெஸ்ட்டுகளை ஓட்டும் கட்டளை) போட்டதும் ஸ்டாக் (ஃபங்ஷன்கள் தற்காலிக மதிப்புகளை வைக்கும் இடம்) நிரம்பி வழிந்தது என்று செத்தது. ரிலீஸ் முறையில் (வேகத்துக்காக மேம்படுத்திக் கட்டுவது) டெஸ்ட் ஓட்டினால் பிழைத்தது.

காரணம் எளிது. பாக்ஸ்::நியூ ஒரு சாதாரண ஃபங்ஷன். அதற்குக் கொடுக்கும் மதிப்பு முதலில் ஸ்டாக்கில் உருவாகி, பிறகுதான் ஹீப்புக்கு நகலாகிறது. ரிலீஸில் கம்பைலர் பெரும்பாலும் இந்த நகலை நீக்கிவிடும், ஆனால் நீக்கியே தீரும் என்று உறுதி கிடையாது. லினக்ஸில் முதன்மை த்ரெட்டுக்கு வழக்கமாக 8 எம்பி ஸ்டாக். ரஸ்ட் உருவாக்கும் மற்ற த்ரெட்டுகளுக்கு 2 எம்பிதான். டெஸ்ட்டுகள் ஓடுவது அந்த இரண்டாம் வகையில். 'ரஸ்ட்_மின்_ஸ்டாக்' என்ற சூழல் மாறியைக் கூட்டி வைத்தால் வாய் மூடும், நோய் தீராது.

நேரடியாக ஹீப்பிலேயே கட்டுவது ரஸ்ட்டில் நெடுங்கால ஏக்கம். 2014 வரை டில்டே குறியும் அட் குறியும்தான் ஹீப் பாயிண்டர்கள், 1.0 வருவதற்கு முன்பே அவை போய் பாக்ஸும் ஆர்சியும் நூலக வகைகளாக வந்தன. இருக்கும் இடத்திலேயே வைக்கும் தனித் தொடரியல் ஒன்று சோதனையில் இருந்து 2018-இல் நீக்கப்பட்டது. சோதனை நிலையிலேயே தங்கிவிட்ட 'பாக்ஸ்' குறிச்சொல் தொடரியலும் 2023-இல் போனது. தொடரியலாக வராதது கடைசியில் நூலகம் வழியாக வந்தது: 2024 அக்டோபரில் வெளியான 1.82-இல் 'நியூ_அன்இனிட்' நிலைபெற்றது. பாக்ஸ், ஆர்சி, ஆர்க் (த்ரெட்டுகளுக்கிடையே பகிரக்கூடிய ஆர்சி) மூன்றுக்கும் உண்டு. முதலில் வெற்றிடத்தை ஹீப்பில் வாங்கி, பாயிண்டர் வழியாகப் பகுதி பகுதியாக நிரப்பி, கடைசியில் 'அஸ்யூம்_இனிட்' சொல்லவேண்டும். அந்தக் கடைசி அழைப்பு அன்சேஃப், சரியாகச் செய்வது நம் பொறுப்பு. ஒரு புலம் நிரம்பாமல் விட்டாலும் நடத்தை வரையறை இல்லாததாகிவிடும், கம்பைலர் காப்பாற்றாது.

பைட் அட்டவணைக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. சுழியால் நிரப்பிய வெக்கை அதன் மேக்ரோவால் உருவாக்கி 'இன்டு_பாக்ஸ்ட்_ஸ்லைஸ்' செய்யுங்கள். அன்சேஃப் இல்லை, ஸ்டாக்கும் தொடப்படுவதில்லை. சுழி என்பதால் அலாக்_ஜீரோட் வழியாகப் போகும். இடம் பெரிதாக இருந்தால் இயங்குதளம் ஏற்கெனவே சுழியாக்கிய பக்கங்களையே தருகிறது, நிரப்பும் வேலைகூட மிச்சம். என் டெஸ்ட் இப்படித்தான் பிழைத்தது.

படி 6: பங்கு போடும்போது

ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சொந்தம், யார் கடைசியாக விடுவார்கள் என்று எழுதும்போது தெரியாது என்றால் மட்டும் ஆர்சி அல்லது ஆர்க். இரண்டும் உள்ளடக்கத்துக்கு முன்னால் 16 பைட் வைக்கின்றன: வலுவான எண்ணிக்கை ஒன்று, வீக் எண்ணிக்கை (மதிப்பை உயிரோடு பிடித்து வைக்காத இணைப்புகள்) ஒன்று. குளோன் செய்தால் எண்ணிக்கை கூடும், புது ஒதுக்கீடு கிடையாது.

ஆர்க்கின் எண்ணிக்கை அட்டாமிக். தனி த்ரெட்டில் அது பெரிய சுமையில்லை. பல கோர்கள் ஒரே ஆர்க்கை லூப்புக்குள் குளோன் செய்து கைவிட்டுக்கொண்டிருந்தால்தான் தொல்லை. எண்ணிக்கை இருக்கும் கேஷ் வரி (கோரின் வேக நினைவகத்தில் ஒரு துண்டு) கோருக்குக் கோர் பந்தாக உருளும். லூப்புக்கு வெளியே ஒருமுறை குளோன் செய்து, உள்ளே கடனாகப் பயன்படுத்துங்கள். இன்னும் நல்ல வழி, 1.63-இல் நிலைபெற்ற 'த்ரெட்::ஸ்கோப்'. அதற்குள் தொடங்கும் த்ரெட்டுகள் ஸ்கோப் முடியும்முன் முடிந்தே தீரும் என்பதால், வெளியில் இருக்கும் தரவை நேரடியாகக் கடன் வாங்கலாம். நான் எழுதிய ஆர்க்குகளில் பாதி இதனால் காணாமல் போயின.

ஆர்க்குக்குள் வெக் என்றால் தரவை எட்ட இரண்டு தாவல். ஆர்க்கை ஸ்லைஸின் மேல் வைத்தால் ஒன்றே. ஆனால் வெக்கை அப்படி மாற்றும்போது முழு நகல் நடக்கும், ஏனென்றால் எண்ணிக்கைகள் தரவுக்கு முன்னால் ஒட்டி இருக்கவேண்டும். ஒருமுறை கட்டிப் பலமுறை படிப்பதற்கு மட்டும் இது லாபம். எப்போதாவது திருத்தவேண்டியிருந்தால் 'மேக்_மியூட்' இருக்கிறது. வேறு யாரும் பிடித்திருக்காவிட்டால் அதே இடத்தில் திருத்தும், பிடித்திருந்தால் நகலெடுக்கும்.

படி 7: சுழற்சி, கசிவு

பெற்றோர் பிள்ளையை ஆர்சியால் பிடிக்க, பிள்ளை பெற்றோரை ஆர்சியால் பிடித்தால், எண்ணிக்கை சுழியைத் தொடவே தொடாது. ரஸ்ட் இதைத் தடுப்பதில்லை. கசிவு ரஸ்ட்டின் பார்வையில் பாதுகாப்பு மீறல் அல்ல. 'மெம்::ஃபர்கெட்' சாதாரண சேஃப் ஃபங்ஷன். மேலே போகும் இணைப்பை வீக் ஆக்குங்கள். உருவாகும்போதே தன் வீக்கைத் தானே வைத்திருக்கவேண்டிய பொருளுக்கு 1.60-இல் வந்த 'நியூ_சைக்ளிக்'. அதன் குளோஷருக்குள் 'அப்கிரேடு' கேட்டால் நன்தான் வரும், பொருள் இன்னும் பிறக்கவில்லை. இன்னொரு நுணுக்கம்: கடைசி வலுவான பிடி போனதும் மதிப்பு அழிந்துவிடும், ஆனால் ஒரு வீக் மிச்சம் இருக்கும்வரை அந்த ஹீப் இடம் திரும்பப் போகாது. பெரிய ஸ்ட்ரக்ட்டை வீக்கால் பிடித்து கேஷ் கட்டினால் இது உறுத்தும்.

என் கருத்தைக் கேட்டால், மரம், கிராஃப் என்று வந்ததும் ஆர்சிக்குள் ரெஃப்செல் (கடன் விதிகளை ஓடும்போது சோதிக்கும் வகை) என்று ஆரம்பிப்பதையே விட்டுவிடுங்கள். கணுக்களையெல்லாம் ஒரே வெக்கில் போட்டு, இணைப்புகளை யு32 குறியெண்ணாக வையுங்கள். 8 பைட் பாயிண்டர் 4 பைட் ஆகிறது, ஒதுக்கீடு விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இறங்குகிறது, ஓடும்போது ரெஃப்செல் வெடிக்கும் பேச்சே இல்லை. கணுக்களை நீக்கி இடத்தை மறுபடி பயன்படுத்தினால் பழைய குறியெண் புதியவரைக் காட்டும் ஆபத்து உண்டு. ஸ்லாட்மேப் கிரேட் தலைமுறை எண் சேர்த்து அதைப் பிடித்துவிடும்.

பாக்ஸ் சங்கிலியிலும் ஒரு பொறி இருக்கிறது. 10 லட்சம் கணுக்கள் கொண்ட லிங்க்ட் லிஸ்ட்டைக் கட்டும்போது ஒன்றும் ஆகாது. அழியும்போது முதல் கணுவின் ட்ராப் (பொருளை அழிக்கும் ஃபங்ஷன்) இரண்டாவதைக் கூப்பிட, அது மூன்றாவதைக் கூப்பிட, ஸ்டாக் வழிந்து நிரல் சாகும். ட்ராப்பை நீங்களே எழுதி, லூப்பில் அடுத்த கணுவை 'டேக்' செய்து ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்.

படி 8: கடைசியாக அலோகேட்டர்

1.32 வரும்வரை பல தளங்களில் ரஸ்ட் நிரல்கள் ஜெமாலாக் என்ற அலோகேட்டரைச் சுமந்துகொண்டு வந்தன. 2019 ஜனவரியில் வந்த அந்தப் பதிப்பு முதல் இயங்குதளத்தின் அலோகேட்டரே இயல்பு. வேண்டுமென்றால் ஜெமாலாக்கையோ மைமாலாக்கையோ படி 1-இல் பார்த்த அதே பண்புக்குறியால் இரண்டு வரியில் மாட்டலாம். பல த்ரெட் கொண்ட நிரலை மசில் என்ற சி நூலகம் கொண்டு கட்டினால் இதை முதலிலேயே செய்துபாருங்கள். மசிலின் சொந்த அலோகேட்டர் அந்த வேலைக்குச் சுணக்கம்.

ஒரு கோரிக்கை முடிந்ததும் மொத்தமாகத் தூக்கிப்போடும் தரவுக்கு பம்பலோ போன்ற அரீனா பொருந்தும். ஒதுக்கீடு ஒரு பாயிண்டரை நகர்த்துவதோடு முடிந்துவிடும். ஆனால் அரீனா தன்னுள் நேரடியாக வைத்தவற்றின் ட்ராப்பைக் கூப்பிடாது. உள்ளே வழக்கமான ஸ்ட்ரிங்கை வைத்தால் அதன் ஹீப் இடம் கசியும்.

பாக்ஸுக்கும் வெக்குக்கும் தனித்தனி அலோகேட்டர் கொடுக்கும் வசதி இதை எழுதும்போது நைட்லியில் (ரஸ்ட்டின் சோதனைப் பதிப்பு) மட்டும்தான். இடம் கிடைக்காவிட்டால் பாக்ஸ்::நியூ நிரலையே நிறுத்திவிடும். நிலையான பதிப்பில் பிழையாகத் திரும்பப் பெற வெக்கின் 'ட்ரை_ரிசர்வ்' இருக்கிறது, 1.57 முதல். இடம் இல்லை என்பதற்காகச் செத்துவிட முடியாத லினக்ஸ் கெர்னல், தன் ரஸ்ட் பகுதிக்கு கேபாக்ஸ், விபாக்ஸ் என்று தனி வகைகளையே எழுதிக்கொண்டது. அங்கே ஒவ்வோர் ஒதுக்கீடும் ரிசல்ட் (வெற்றியோ பிழையோ சொல்லும் வகை) ஆகத்தான் திரும்புகிறது.